தீட்சிதர் மரபு

தீட்சிதர் மரபு என்பது, திருவாரூரில் பிறந்த வாக்கேயக்காரர் முத்துசுவாமி தீட்சிதரின் (1776–1835) கிருதிகளையும், அவற்றைப் பாடியும் வாசித்தும் எழுதிவைத்தும் காத்த குடும்பத்தாரையும், மாணவர் வழியினரையும் சேர்த்துக் குறிக்கும் பெயர். கர்நாடக இசை மும்மூர்த்திகளில் தீட்சிதரின் பாட்டுகளுக்குத்தான் அவர் குடும்பத்திலிருந்தே ஸ்வரமும் கமகக் குறியும் இட்ட ஒரு பெருநூல் கிடைத்தது. 1904இல் எட்டயபுரத்தில் அச்சான சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி அது. தீட்சிதரின் வாழ்க்கை, அவர் கையாண்ட ராகங்கள், தாளக் கணக்கு ஆகியவற்றுக்கு அதுவே தலையாய ஆதாரம். நூலுக்கு வெளியே, திருவாரூர் வட்டாரத்து நட்டுவனார்கள், கோயில் நடனமாதர், நாகசுரக்காரர்கள் வழியாக வந்த பாடாந்தரம் ஒன்றும் உண்டு. நூலும் பாடாந்தரமும் பல இடங்களில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை.

முன்னோர்

மரபின் தொடக்கம் முத்துசுவாமியின் தந்தை ராமசுவாமி தீட்சிதர் (1735–1817). குடும்பம் வட ஆர்க்காட்டு விரிஞ்சிபுரத்தைச் சேர்ந்தது. அங்கிருந்து தெற்கே வந்து திருவிடைமருதூரை அடுத்த கோவிந்தபுரத்தில் குடியேறியது. ராமசுவாமி இளமையில் மெலட்டூர் வீரபத்ரய்யாவிடம் பாட்டு கற்றார். பிறகு வேங்கடமகியின் வழியில் வந்த வீணை வேங்கடவைத்தியநாத தீட்சிதரிடம் வீணையும் இலக்கணமும் கற்றார். அடுத்த மூன்று தலைமுறைகளின் ராகக் கொள்கையை நிர்ணயித்தது இந்த இரண்டாவது பயிற்சிதான். வேங்கடமகியின் மேள முறை இக்குடும்பத்தின் கைக்கு வந்தது அதன் வழியாகவே.

ராமசுவாமி பின்னர் திருவாரூரில் தங்கினார். தியாகராஜசுவாமி கோயில் உற்சவங்களில் எந்த வேளையில் எந்த ராகம் இசைக்க வேண்டும் என்ற முறையை வகுத்தவர் அவரே என்று குடும்ப வரலாறு சொல்கிறது. ஹம்சத்வனி ராகத்தை உண்டாக்கியவரும் அவரே. 108 ராகதாள மாலிகை என்னும் அவருடைய நீண்ட படைப்பில் 61 ராகப் பகுதிகள் இன்று கிடைக்கின்றன. ஒரே பாட்டில் இத்தனை ராகங்களையும் தாளங்களையும் கோத்தது வித்தை காட்டும் செயல் என்று தோன்றலாம். ஆனால் அரிய ராகங்களின் உருவத்தை ஒரு சிறு துண்டிலேயே பிடித்துவைக்கும் பழக்கம் மகனுக்கு வந்ததில் இதற்குப் பங்குண்டு.

நெடுநாள் பிள்ளைப்பேறு இல்லாத ராமசுவாமி வைத்தீசுவரன்கோயிலில் பாலாம்பிகையை வழிபட்டார். அதன் பின் மன்மத வருடம் பங்குனி மாதம் கார்த்திகை நட்சத்திரத்தில் மூத்த மகன் பிறந்தார். அத்தலத்து முத்துக்குமாரசுவாமியின் பெயரே குழந்தைக்கு இடப்பட்டது. நூல்கள் பலவும் பிறந்த ஆண்டை 1775 என்று அச்சிட்டுவருகின்றன. மன்மத வருடம் 1775 சித்திரையில் தொடங்கினாலும் அதன் பங்குனி 1776 மார்ச்சில்தான் விழுகிறது. எனவே 1776 என்பதே சரி. தீட்சிதர் மறைந்த 1835ஆம் ஆண்டும் மன்மத வருடமே. அறுபதாண்டுச் சுற்று ஒன்று ஏறத்தாழ நிறைவதற்குள் அவர் வாழ்க்கை அடங்கிவிட்டது. முத்துசுவாமிக்குப் பின் சின்னசுவாமி, பாலுசுவாமி என்று இரண்டு தம்பியரும் பாலாம்பிகை என்ற தங்கையும் பிறந்தனர்.

மணலியும் காசியும்

சென்னையை அடுத்த மணலியின் முத்துகிருஷ்ண முதலியார் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் துபாஷாக இருந்த செல்வர். திருவாரூருக்கு வந்தபோது ராமசுவாமியின் இசையைக் கேட்டு, குடும்பத்தையே மணலிக்கு அழைத்துக்கொண்டார். அவருக்குப் பின் அவர் மகன் வேங்கடகிருஷ்ண முதலியாரும் அவர்களை ஆதரித்தார். மணலியில் இருந்ததால்தான் சகோதரர்கள் ஜார்ஜ் கோட்டையின் பாண்டு வாத்தியத்தைக் கேட்க முடிந்தது. அதன் விளைவுகள் இரண்டு. முதலாவது, பாலுசுவாமி ஒரு ஐரோப்பியரிடம் வயலின் கற்று அதைக் கர்நாடக இசைக்கு ஏற்றபடி வாசிக்கத் தொடங்கியது. கர்நாடக மேடையில் இன்று வயலின் இல்லாத கச்சேரி அரிது என்பதால் இதன் கனத்தைத் தனியே விளக்க வேண்டியதில்லை. இரண்டாவது, முத்துசுவாமி அந்த மேற்கத்திய மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் எழுதியது. நோட்டுஸ்வரச் சாகித்தியம் எனப்படும் இச்சிறு பாட்டுகள் ஏறத்தாழ 40. எல்லாம் சங்கராபரணத்தின் ஸ்வரங்களில் அமைந்தவை. பிரிட்டிஷ் மன்னரை வாழ்த்தும் நாட்டுப்பண்ணின் மெட்டும் இவற்றில் ஒன்றாகி, அம்பிகையைப் பாடும் பாட்டாயிற்று.

மணலிக்கு வந்த சிதம்பரநாத யோகி முத்துசுவாமியைத் தம்முடன் காசிக்கு அழைத்துச் சென்றார். அங்கே சில ஆண்டுகள் வேதாந்தமும் ஸ்ரீவித்யை வழிபாடும் கற்பித்தார். கங்கையில் மூழ்கியபோது யாளிமுகம் மேல்நோக்கிய வீணை ஒன்று தீட்சிதர் கைக்கு வந்தது என்பது குடும்பக் கதை. அவர் பாட்டுகளில் மறுக்கமுடியாமல் தெரிவது காசியில் கேட்ட வட இந்திய இசை. துருபதத்தின் நிதான நடையும், யமுனாகல்யாணி, ஹமீர்கல்யாணி, பிருந்தாவன சாரங்கம், துவிஜாவந்தி முதலிய ராகங்களும் அவர் வழியாகத் தெற்கில் வேர்பிடித்தன.

தெற்கே திரும்பியபின் திருத்தணியில் முதிய அந்தணர் வடிவில் வந்த முருகன் வாயில் கற்கண்டிட்டதாகவும், உடனே முதல் கிருதி பிறந்ததாகவும் சொல்லப்படுகிறது. மாயாமாளவகௌளையில் அமைந்த அக்கிருதியும் அதைத் தொடர்ந்த குருகுக விபக்திக் (வேற்றுமைக்) கிருதிகளும் குருவையும் குகனையும் ஒன்றாகப் பாடுகின்றன. அன்றுமுதல் ‘குருகுக’ என்பதே அவருடைய முத்திரை. காஞ்சிபுரத்தில் உபநிஷத் பிரம்மேந்திரரின் தொடர்பு கிடைத்தது. பிறகு நெடுங்காலம் திருவாரூரே இருப்பிடமாயிற்று. 1817இல் தந்தை மறைந்தார். அதற்குப் பின் தஞ்சையிலும் சிலகாலம் தங்கினார்.

மேள முறை

தீட்சிதர் மரபைப் பிற மரபுகளிலிருந்து தெளிவாகப் பிரிப்பது அதன் மேள முறை. 17ஆம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர் அவையில் இருந்த வேங்கடமகி, கோவிந்த தீட்சிதரின் மகன். சதுர்தண்டிப் பிரகாசிகையில் 72 மேளங்களுக்குக் கணக்கு வகுத்தவர் அவர். சட்ஜமும் பஞ்சமமும் மாறாதவை. ரிஷபமும் காந்தாரமும் சேரும் வகை 6, தைவதமும் நிஷாதமும் சேரும் வகை 6, பெருக்கினால் 36. சுத்த மத்திமத்துடன் 36, பிரதி மத்திமத்துடன் 36, ஆக 72. வேங்கடமகியின் காலத்தில் வழக்கில் இருந்த மேளங்கள் 19 மட்டுமே. மற்றவை பிற்காலத்தார் நிரப்பிக்கொள்ளட்டும் என்று விட்ட வெற்றிடங்கள்.

நிரப்பியது இரு வழிகளில் நடந்தது. ஒரு வழியில் 72 மேளங்களின் தலைமை ராகங்கள் கனகாம்பரி, பேனத்யுதி என்று தொடங்கி ரசமஞ்சரியில் முடிகின்றன. இவற்றுக்கு ராகாங்க ராகங்கள் என்று பெயர். மற்றொன்று கோவிந்தாசாரியாரின் சங்கிரகசூடாமணியில் காண்பது; கனகாங்கியில் தொடங்கி ரசிகப்பிரியாவில் முடிவது. இன்று எல்லா இசைப் பள்ளிகளிலும் சொல்லித்தரப்படும் மேளகர்த்தா அட்டவணை இரண்டாவதுதான். முந்தையதும் இசையோடு இசைந்ததும் முதலாவதே. தீட்சிதர் குடும்பம் அதையே பின்பற்றியது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெயரோடு நிற்பதில்லை. கனகாங்கி முறையில் தலைமை ராகம் ஏறும்போதும் இறங்கும்போதும் ஏழு ஸ்வரங்களையும் வரிசை தப்பாமல் தொட வேண்டும். ராகாங்க முறையில் ஆரோகணமும் அவரோகணமும் சேர்ந்து ஏழு ஸ்வரங்களும் வந்தால் போதும். ஒரு ஸ்வரம் ஏற்றத்தில் விடுபடலாம், இறக்கத்தில் வளைந்து வரலாம். அதனால் இது அசம்பூர்ண மேள முறை எனப்படுகிறது. 22ஆம் மேளத்தை எடுத்துக்கொள்ளலாம். கனகாங்கி முறையில் அதன் தலைமை கரகரப்பிரியா. தீட்சிதர் மரபில் அது ஸ்ரீராகம். ஸ்ரீராகத்தின் ஏற்றத்தில் காந்தாரமும் தைவதமும் இல்லை. இறக்கத்தில் காந்தாரம் வளைந்து வருகிறது. அட்டவணைக்கு அழகு கரகரப்பிரியாதான். ஆனால் ஸ்ரீராகம் பல நூற்றாண்டுகளாக மக்கள் பாடிய ராகம், கணக்குக்காகப் பிறந்ததல்ல. தீட்சிதர் கரகரப்பிரியாவில் பாட்டே செய்யவில்லை. மும்மூர்த்திகளில் மற்றொருவரான தியாகராஜரோ அந்த ராகத்துக்கு உருவமே தம் கிருதிகளால் கொடுத்தவர். ஒரே ஊரில் பிறந்த இருவர் ஒரே மேளத்தை இத்தனை வேறாகக் கண்டிருக்கிறார்கள்.

இரண்டு முறைகளிலும் பெயரின் முதலிரண்டு எழுத்துகள் கடபயாதிக் கணக்கில் மேளத்தின் எண்ணைத் தரும். எட்டாம் மேளம் என்று தெரிய தோடிக்கு முன் ‘ஜன’ ஒட்டிக்கொண்டு ஜனதோடி ஆயிற்று. அதேபோல் 29ஆவது தீரசங்கராபரணம், 65ஆவது சாந்தகல்யாணி. பாடும்போது எவரும் இந்த முன்னொட்டுகளைச் சொல்வதில்லை.

விவாதி ஸ்வரங்கள் வரும் மேளங்கள் 40. அடுத்தடுத்து நெருங்கி நிற்கும் இரண்டு ஸ்வரங்களை நேராகத் தொட்டால் காதுக்கு உறுத்தும் என்பதால் பலரும் இவற்றைத் தவிர்த்தார்கள். ராகாங்க முறை வளைந்த பிடிகளுக்கு இடம்கொடுத்ததால் தீட்சிதரால் அந்த உறுத்தலைப் பெருமளவு தணிக்க முடிந்தது. கனகாம்பரி, பேனத்யுதி, பானுமதி, மனோரஞ்சனி முதலியவற்றில் அவர் செய்த கிருதிகள் இதற்குச் சான்று. தஞ்சையில் இருந்தபோது மாணவர்களின் வேண்டுகோளுக்கிணங்க 72 ராகாங்கங்களிலும் பாட்டு செய்தார் என்பது பரம்பரைச் செய்தி. பிரதர்சினியில் ராகாங்கங்கள் சிலவற்றுக்கு அவருடைய கிருதி இல்லாமல் லட்சணகீதமும் சஞ்சாரியுமே நிற்கின்றன.

பாட்டின் அமைப்பு

தீட்சிதரின் மொழி பெரும்பாலும் வடமொழி. ஸ்ரீராகத்தில் அபயாம்பிகையைப் பாடியது போன்ற ஓரிரண்டில் வடமொழி, தெலுங்கு, தமிழ் மூன்றும் கலந்த மணிப்பிரவாளம் வருகிறது. தெலுங்கில் தோடி வர்ணமும் ஸ்ரீரஞ்சனி தருவும் உள்ளன. அவர் பாட்டுகள் பெரும்பாலும் சௌக்க காலத்தில் நிதானமாக நகர்ந்து, இறுதியில் மத்திமகாலச் சாகித்தியத்தில் இரட்டித்த வேகத்தில் முடியும். அனுபல்லவியும் சரணமும் தனித்தனியாக வராமல் ஒரே சமஷ்டி சரணமாக நிற்கும் கிருதிகளும் பல. ராகத்தின் பெயரைப் பொருளோடு பிணைத்துச் சாகித்தியத்துக்குள் வைப்பது அவர் விருப்பம். தலத்தின் பெயர், மூர்த்தி, தீர்த்தம், தல வரலாறு ஆகியவையும் வரிகளுக்குள் அமர்ந்துவிடும். அவர் எந்தெந்தக் கோயிலுக்குப் போனார் என்பதை வேறு ஆவணம் எதுவுமின்றிப் பாட்டுகளைக் கொண்டே வரைபடமாக வரையலாம். ராகத்தின் எல்லா முக்கியப் பிடிகளும் கிருதியிலேயே அடங்கிவிடுவதால் சங்கதிகளை அடுக்கிப் பெருக்க அவர் பாட்டில் இடம் குறைவு. கமகங்கள் வீணையின் மெட்டில் விரல் இழுக்கும் இழுப்பை ஒட்டியவை. வாய்ப்பாட்டுக்காரர்கள் அவரைக் கடினம் என்று ஒதுக்கிவைத்ததற்கு மொழியைவிட இதுவே காரணம்.

தொகுதிக் கிருதிகள்

ஒரு தெய்வத்தையோ தலக்கூட்டத்தையோ எடுத்துக்கொண்டு பல கிருதிகளைக் கோவையாகச் செய்வது தீட்சிதரின் வழக்கம். பஞ்சபூதத் தலங்கள் ஐந்துக்கும் ஐந்து: காஞ்சிக்கு பைரவி, திருவானைக்காவுக்கு யமுனாகல்யாணி, திருவண்ணாமலைக்கு சாரங்கம், காளத்திக்கு ஹுசேனி, சிதம்பரத்துக்கு கேதாரம். திருவாரூர் நீலோத்பலாம்பிகையின் விபக்திக் கிருதிகளுக்கு ரீதிகௌளை, நாராயணகௌளை, கேதாரகௌளை, சாயாகௌளை என்று ‘கௌளை’யில் முடியும் ராகங்களையே பொறுக்கியெடுத்தார்.

எல்லாவற்றிலும் பெரியது திருவாரூர் கமலாம்பிகையின் நவாவரணம். தோடியில் தியான கிருதி, ஒன்பது ஆவரணங்களுக்கு ஒன்பது, ஸ்ரீராகத்தில் மங்கள கிருதி, ஆக 11. ஸ்ரீசக்கரத்தின் வெளிச்சுற்றிலிருந்து நடுப்புள்ளிவரை ஒவ்வொரு ஆவரணமாக உள்ளே செல்கிறது கோவை. ஆனந்தபைரவியில் முதல் ஆவரணம், அதன்பின் கல்யாணி, சங்கராபரணம், காம்போதி, பைரவி, புன்னாகவராளி, சகானா, கண்டா, ஒன்பதாவது ஆகிரி. முதல் எட்டும் எட்டு வேற்றுமைகளில் ஒவ்வொன்றாக நிற்க, ஒன்பதாவதில் எல்லா வேற்றுமைகளும் கூடுகின்றன.

நவக்கிரகக் கிருதிகள் என்று இன்று பாடப்படும் ஒன்பதில் தீட்சிதருடையவை ஏழே. பிரதர்சினி வாரக் கிருதிகளாக ஞாயிறு முதல் சனிவரை ஏழை மட்டும் தருகிறது. அவற்றின் தாளங்கள் துருவம், மட்டியம், ரூபகம், ஜம்பை, திரிபுடை, அட, ஏகம் என்று சூளாதி வரிசையில் ஏழோடு முடிந்துவிடுகின்றன. ராகுவுக்கும் கேதுவுக்கும் உரியவை பின்னால் வந்து சேர்ந்தவை. மாணவர் சுத்தமத்தளம் தம்பியப்பாவின் தீராத வயிற்றுவலிக்கு அவர் ஜாதகத்தைப் பார்த்து, தீட்சிதர் வியாழனாகிய குருவின் மீது அடாணாவில் பாட்டுச் செய்துகொடுத்ததே இந்தக் கோவைக்குத் தொடக்கம் என்பர்.

மாணவர்

தீட்சிதரின் மாணவர் பட்டியலைப் பார்த்தால் அன்றைய இசையுலகில் வேலை செய்தவர் யார் என்பது தெரியும். தஞ்சை நால்வரான சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் இன்றைய பரதநாட்டியக் கச்சேரி முறையை வகுத்தவர்கள். குருவுக்கு நவரத்தினமாலை பாடியவர்களும் அவர்களே. வடிவேலு பின்னர் திருவிதாங்கூரில் சுவாதித் திருநாள் அவையில் இருந்தார். திருவாரூர்க் கோயிலின் சுத்தமத்தளம் தம்பியப்பா, கொரநாட்டு ராமசுவாமி, பரதம் வைத்தியநாத ஐயர், ஆவுடையார்கோயில் வீரபத்ரய்யா, தேவூர் சுப்பிரமணிய ஐயர், நடனமாதர் திருவாரூர் கமலம், வள்ளலார்கோயில் அம்மணி ஆகியோர் மற்றவர்கள். தீட்சிதரின் வறுமையைக் கண்ட கமலம் தம் நகைகளைத் தர முன்வந்தார் என்றும், அவர் அதை ஏற்காமல் லலிதா ராகத்தில் இலக்குமியைப் பாடினார் என்றும் சொல்வதுண்டு.

தம்பியப்பாவின் வழி நீண்டது. அவரிடம் பாடம் கேட்ட சாத்தனூர் பஞ்சநத ஐயர், வீணை தனம்மாளுக்கும் (1867–1938) திருப்பாம்புரம் நாகசுரக் குடும்பத்துக்கும் ஆசிரியரானார். தனம்மாளின் பேத்திகள் பிருந்தா, முக்தா, நடனக் கலைஞர் பாலசரஸ்வதி ஆகியோரிடம் அந்தப் பாடாந்தரம் தங்கியது. திருப்பாம்புரம் நடராஜசுந்தரம் பிள்ளை தம் வழியில் வந்த கிருதிகளை 1936இல் தீட்சித கீர்த்தனைப் பிரகாசிகை என்ற பெயரில் தமிழில் வெளியிட்டார்.

எட்டயபுரமும் பிரதர்சினியும்

பாலுசுவாமி எட்டயபுரம் ஜமீனின் வித்வானாக அமர்ந்ததால் குடும்பத்தின் இருப்பிடம் பாண்டிச்சீமைக்கு மாறியது. தம்பியைப் பார்க்கச் சென்ற முத்துசுவாமி வழியில் வறண்ட நிலத்தைக் கண்டு அமிர்தவர்ஷிணியில் பாட மழை கொட்டியதாம். மழை பெய்ததோ இல்லையோ, ராகம் நிலைத்துவிட்டது. 1835 தீபாவளி நாளில் எட்டயபுரத்திலேயே அவர் மறைந்தார். மாணவர்கள் அன்று பாடியது மதுரை மீனாட்சி மீது அவர் செய்த கமகக்கிரியா கிருதி. அவருடைய சமாதி அவ்வூரில் உள்ளது.

பாலுசுவாமிக்கு ஆண் வாரிசு இல்லை. மகள் வயிற்றுப் பேரனான சுப்பராமரை (1839–1906) தத்தெடுத்து இசையும் மொழிகளும் கற்பித்தார். ஏ. எம். சின்னசுவாமி முதலியார் கர்நாடகப் பாட்டுகளை ஐரோப்பியக் குறியீட்டில் அச்சிட்டுவந்தவர். சுப்பராமரிடம் இருந்த சேமிப்பின் மதிப்பை உணர்ந்து, அதை வெளியிடும்படி அவரையும் ஜமீனையும் விடாமல் வற்புறுத்தியவர் அவரே. ஜமீன் செலவில் வித்யா விலாசினி அச்சகத்தில் தெலுங்கு எழுத்தில் பெருநூல் உருவாயிற்று. 72 ராகாங்கங்களின் வரிசையில் லட்சணம், கீதம், தானம், கிருதி, சஞ்சாரி என்று ஒவ்வொரு ராகத்துக்கும் கட்டுக்கோப்பாகப் பொருள் தருகிறது. வாக்கேயக்காரர்களின் வரலாறு தனிப் பகுதியாக இடம்பெறுகிறது. முத்துசுவாமியின் கிருதிகள் மட்டும் ஏறத்தாழ 230. அசைவு, ஜாரு, ஸ்புரிதம் முதலிய கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகள் அச்சில் வந்ததும் இதில்தான். ஒரு ஸ்வரம் எப்படி அசைய வேண்டும் என்று குருவின் முகத்தைப் பாராமலே ஓரளவு அறிய முடிந்தது. எட்டயபுரத்தில் பிறந்த சுப்பிரமணிய பாரதி, சுப்பராமர் மறைந்தபோது இரங்கற்பா எழுதினார். பிரதர்சினியின் தமிழ் எழுத்துப் பதிப்பைச் சென்னை மியூசிக் அகாடமி 1961 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டது.

அந்நூலில் இல்லாத கிருதிகள் பல பிற்காலத் தொகுப்புகளில் வெளிவந்து, தீட்சிதர் பெயரில் வழங்கும் எண்ணிக்கையை நானூறுக்கு மேல் கொண்டுபோயின. அவற்றில் குருகுக முத்திரை இருப்பது ஒன்றே சான்றாகாது. ராகத்தின் நடை பிரதர்சினியின் லட்சணத்தோடு பொருந்துகிறதா என்பதே உரைகல்.

இருபதாம் நூற்றாண்டும் இன்றும்

சுப்பராமரின் மகன் அம்பி தீட்சிதர் (1863–1936) சென்னைக்கு வந்து கற்பித்தார். அவர் மாணவரும் பின்னர் உச்ச நீதிமன்ற நீதிபதியுமான டி. எல். வேங்கடராம ஐயர் வழியாகவும் அம்பியிடம் நேராகவும் டி. கே. பட்டம்மாள் (1919–2009) பெற்ற கிருதிகள் கச்சேரி மேடையில் தீட்சிதருக்கு இடம் பிடித்துத் தந்தன. கல்லிடைக்குறிச்சி அனந்தகிருஷ்ண ஐயர், அவரிடம் கற்ற வீணைக் கலைஞர் கல்பகம் சுவாமிநாதன், பி. ராஜம் ஐயர், எஸ். ராஜம் ஆகியோரும் குறிப்பிடத்தக்கவர்கள். 1976இல் இந்திய அஞ்சல் துறை தீட்சிதருக்குத் தபால்தலை வெளியிட்டது. இன்று நவராத்திரியில் நவாவரணக் கிருதிகள் நாளுக்கொன்றாகப் பல ஊர்களில் பாடப்படுகின்றன. பிரதர்சினியில் கமகக்கிரியா என்று உள்ளதை மேடையில் பூர்விகல்யாணியாகவும், சாமரம் என்று உள்ளதைச் சண்முகப்பிரியாவாகவும் பாடுவதே பெருவழக்கு.